விருந்தினர் வாயிலும் வீட்டுக் காவலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் அங்கத்தவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இம்மேடையிலே சமயம், இலக்கியம், கல்வி ஆகியன பற்றி அறிஞர் பலர் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கின்றோம். இவ்வாண்டு நிருவாக சபையார் என்னை அழைத்து, "நமது கட்டடத்திலுள்ள இணைய இணைப்பைப் பற்றிப் பேசும்" என்று பணித்தார்கள். நான் பேச்சாளன் அல்லன். கம்பியையும் பெட்டியையும் வைத்துக்கொண்டு வேலை செய்பவன். ஆயினும் இப்பொருள் பற்றிப் பேசக் கடமைப்பட்டவன் நானே. சென்ற ஆண்டு நமது சங்கத்தில் நேர்ந்த ஒரு பெரும் பிழைக்குக் காரணமாயிருந்தவன் நானே என்பதால் அவ்வாறு சொல்கிறேன். அப்பிழையை ஒளிக்காமற் சொல்லி, அதிலிருந்து நாம் கற்க வேண்டியதையும் சொல்லி அமைவேன்.

விருந்தும் அரணும்

விருந்தோம்பல் நமது பழைய அறம். வந்தவர்க்கு முன்னொரு காலத்தில் செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தோம்; பின்னர் தேநீர் கொடுத்தோம். இன்று வீட்டுக்கு வரும் பிள்ளைகள் விறாந்தையில் அமருமுன்னரே, "மாமி, வைபை கடவுச்சொல் என்ன?" என்று கேட்கின்றார்கள். கொடுக்காவிட்டால் முகம் வாடுகின்றது. கலியாண வீடாயினும் அந்தியேட்டி வீடாயினும் அக்கடவுச்சொல்லைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுகிறோம்.

திருக்குறளிலே விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரம் உண்டு, அது ஒன்பதாவது. அதே நூலில் எழுபத்தைந்தாவது அதிகாரம் அரண். விருந்தினரை வரவேற்கச் சொன்ன வள்ளுவர், காவலைக் கைவிடச் சொல்லவில்லை. நமது வீடுகளைக் கட்டிய முன்னோரும் அவ்வாறே செய்தார்கள். படலையைத் திறந்தால் முற்றம். முற்றத்தைத் தாண்டினால் விறாந்தை. விருந்தினர் விறாந்தைவரை வரலாம். சாமியறைக்கும் அடுக்களைக்கும் நெல்லும் நகையும் வைத்த அறைக்கும் வேறு கதவுகள் உண்டு. வந்தவரை அவமதிப்பதற்காக அக்கதவுகள் வைக்கப்படவில்லை. அவை வீட்டின் ஒழுங்கு.

இணையத்திலும் இவ்விதமான ஒரு விறாந்தையை அமைக்க முயன்றார்கள். அதற்குப் பெயர் விருந்தினர் வலை. அவ்விறாந்தைக்கும் உள்ளறைக்கும் இடையிலுள்ள சுவர் உண்மையில் எவ்வளவு உறுதியானது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட கேள்வி.

விருந்தினர் வலை என்பது யாது?

பெரியோர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். வெளியிலிருந்து வரும் இணைய இணைப்பு முதலில் ரவுட்டர் என்னும் சிறு பெட்டியை அடைகிறது. அப்பெட்டி வீட்டிலுள்ள கணினி, கைத்தொலைபேசி, தொலைக்காட்சி, அச்சுப்பொறி, கண்காணிப்புக் கமரா ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்க முகவரி கொடுக்கின்றது. 192.168.1.5, 192.168.1.6 என்றவாறு அவை தொடர்ந்து செல்லும். ஒரே தொடரில் முகவரி பெற்றவை ஒரே முற்றத்தில் இருப்பவை போல ஒன்றையொன்று நேரே அழைத்துப் பேசலாம். அதனாலேயே கைத்தொலைபேசியிலிருந்து அச்சுப்பொறிக்கு ஒரு தாளை அனுப்ப முடிகிறது.

இதில் ஓர் ஆபத்து உண்டு. வீட்டுக் கடவுச்சொல்லை விருந்தினருக்குக் கொடுத்தால், அவருடைய தொலைபேசியும் அந்த முற்றத்துக்குள் வந்துவிடும். வந்தவர் நல்லவரே. ஆனால் அவருடைய தொலைபேசியில் அவரறியாமலே தீய மென்பொருள் ஒன்று புகுந்திருக்கலாம். ஆதலால் பெட்டியைச் செய்வோர் இரண்டாவது பெயரும் இரண்டாவது கடவுச்சொல்லும் உடைய ஒரு வலையை அதே பெட்டியில் அமைத்தார்கள். அதில் சேர்வோர் வெளியே இணையத்துக்குச் செல்லலாம். வீட்டுக் கருவிகளைத் தொடலாகாது. எண்ணம் நல்லது. ஆனால் சுவர் ஒன்று உண்டென்று பெட்டியின் மேல் எழுதியிருப்பதால் மட்டும் சுவர் உண்டாகிவிடாது.

நமது சங்கத்தில் நடந்தது

நமது சங்க அலுவலகத்தில் ஒரு ரவுட்டர் உண்டு. வாசிகசாலை அலுவலகத்துக்கு அப்பால், மண்டபத்தின் மறுகோடியில் இருப்பதால் சைகை அங்கு போதவில்லை. உயர்தர வகுப்பு மாணவர் படிக்க வருமிடம் அது. ஆகவே இரண்டாவது பெட்டி ஒன்றை வாங்கி, அலுவலகத்திலிருந்து கம்பி இழுத்து, வாசிகசாலையில் வைத்தேன். இரண்டு பெட்டிகளிலும் விருந்தினர் வலையைத் திறந்தேன். அலுவலகத்தில் நின்று எனது தொலைபேசியை விருந்தினர் வலையில் இணைத்து, அச்சுப்பொறி அகப்படுகிறதா என்று சோதித்தேன். அகப்படவில்லை. மனநிறைவோடு நிருவாக சபைக்குச் சென்று, "மாணவர் வலை வேறு, அலுவலக வலை வேறு, ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக வழியில்லை" என்று சொன்னேன். கூட்டக் குறிப்பேட்டிலும் அது பதியப்பட்டது.

ஏறத்தாழ எட்டு மாதங்களின் பின் ஒரு மாலை, வாசிகசாலைக்கு வரும் மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான். "ஐயா, ஒரு பாடக்குறிப்பை அச்சடிக்கலாமோ என்று தொலைபேசியில் அழுத்தினேன். சங்க அலுவலக அச்சுப்பொறியின் பெயர் வந்தது. அதோடு அலுவலகக் கணினியின் பெயரும் வந்தது. அதைத் தொட்டேன், ஒரு கோப்புறை திறந்தது. உடனே மூடிவிட்டேன். ஆனால் அந்தப் பட்டியல் அங்கே இருக்கக்கூடாது, ஐயா" என்றான்.

அது எந்தப் பட்டியல் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நமது சங்கம் வறிய குடும்பங்களுக்கு மாதந்தோறும் செய்யும் உதவியின் பட்டியல் அது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்ற எண்ணத்தோடு, நிருவாக சபையிலேகூட மூவருக்கு மட்டும் தெரியும்படி பேணப்பட்டு வந்த பட்டியல். அது எட்டு மாதங்களாக வாசிகசாலை மேசையிலே விரித்து வைத்ததற்கு ஒப்பாகக் கிடந்தது.

நான் அவனை மெச்சினேனா? இல்லை. "உனக்கு ஏன் தம்பி இந்த வேலை?" என்று கடிந்தேன். பெரியவர் சிலர், "இது களவு, அவனை வாசிகசாலைக்கு வராமல் நிறுத்த வேண்டும்" என்றனர். நானும் வாயடைத்திருந்தேன். ஏனெனில் அவன் சொன்னது உண்மையாயின் நான் சொன்னது பொய்யாகிவிடும்.

மறுநாட் காலை தனியே வாசிகசாலைக்குச் சென்று எனது தொலைபேசியை இணைத்துப் பார்த்தேன். அவன் சொன்னது ஒவ்வொரு சொல்லும் மெய். எனது தொலைபேசிக்குக் கிடைத்த முகவரி அலுவலகக் கணினியின் அதே தொடரில் இருந்தது.

காரணம் மிக எளியது. வாசிகசாலைப் பெட்டியை நான் ரவுட்டராக வைக்கவில்லை. அணுகுமுனை என்னும் முறையில் வைத்திருந்தேன். அம்முறையில் அப்பெட்டி தானாக வழிகாட்டுவதில்லை. வந்ததையெல்லாம் கம்பி வழியே அலுவலகப் பெட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றிவிடும். இவர் விருந்தினர், இவர் வீட்டார் என்ற வேறுபாடு கம்பியிலே கரைந்துபோகும். அலுவலகப் பெட்டிக்கு எல்லோரும் வீட்டாராகவே தெரிந்தார்கள். விருந்தினர் என்ற பெயர் பலகையில் மட்டும் இருந்தது, சுவர் இல்லை. நான் சோதித்ததும் உண்மையே. ஆனால் சோதித்த இடம் தவறு. முன்வாயிற் பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டுப் பின்வேலி பத்திரமென்று சொன்னவன் நான்.

அன்று மாலையே நிருவாக சபையின்முன் இதைச் சொன்னேன். அம்மாணவனிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்றும் இச்சபையிற் கேட்கிறேன். அவன் யாரென்று சொல்லப்போவதில்லை; அவனுக்கு அது விருப்பமன்று.

வெடிப்புகள் பல

என் பிழை ஓர் அமைப்புப் பிழை. ஆனால் அமைப்பைச் சரியாகச் செய்தாலும் சுவரில் வெடிப்புகள் இருக்கக்கூடும் என்பதை ஆராய்ச்சியாளர் காட்டியிருக்கின்றனர். சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, முழுமையற்ற சுவர். சில பெட்டிகளில் விருந்தினர் வலையிலிருந்தே ரவுட்டரின் நிருவாகப் பக்கத்தைத் திறக்கலாம். அதன் கடவுச்சொல் தொழிற்சாலையில் இட்டதாகவே இருந்தால், விருந்தினரே வீட்டுக்காரர் ஆகிவிடலாம். வேறு சிலவற்றில் பழைய முகவரி முறைக்குச் சுவர் உண்டு. ஆறாம் பதிப்பு எனப்படும் புதிய முகவரி முறைக்குச் சுவர் எழுப்ப மறந்துவிடுகிறார்கள். இன்னும் சிலவற்றில், விருந்தினர் வீட்டு வலையைக் காணலாம் என்றொரு சிறு கட்டம் உண்டு. யாரோ ஒரு நாள் அதிற் சரியடையாளம் இட்டுவிட்டு மறந்திருப்பார்கள்.

இரண்டாவது, ஒரே வேலையாளின் பிழை. 2019 ஆம் ஆண்டில் இஸ்ரேலிலுள்ள பென்-கூரியன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் பல வகை வீட்டு ரவுட்டர்களைச் சோதித்தார்கள். சோதித்தவை எல்லாவற்றிலும், விலை கூடியதாயினும் குறைந்ததாயினும், வீட்டு வலைக்கும் விருந்தினர் வலைக்கும் இடையே ஏதேனுமொரு வழியாற் செய்தி கசியக் கண்டனர்.

அதை ஓர் உவமையால் விளக்கலாம். மண்டபத்தில் இரண்டு பந்திகள், இடையே தட்டி. ஆனால் பரிமாறுபவன் ஒருவனே. ஒரு பந்தியிலிருப்பவர் தவறான ஒன்றைக் கேட்க, அவன் "அது இல்லை" என்று உரக்கக் கத்துகிறான். அது மறு பந்திக்கும் கேட்கிறது. ரவுட்டர் முகவரி வழங்கும்போது இப்படித்தான் நடக்கிறது. ஒருவர் தகாத முகவரியைக் கேட்டால், அதற்கான மறுப்பைச் சில பெட்டிகள் இரு வலைகளுக்கும் அறிவித்துவிடுகின்றன. அம்மறுப்புக்குள் ஒரு செய்தியைப் பொதிந்து அனுப்பலாம்.

அவன் கத்தாவிட்டாலும் வழி உண்டு. முதற் பந்தியார் அவனுக்கு ஓயாமல் வேலை கொடுத்தால், மறு பந்திக்குச் சோறு வரத் தாமதமாகும். வேலை கொடாவிட்டால் விரைவில் வரும். தாமதம் என்றால் ஒன்று, விரைவு என்றால் பூச்சியம் என முன்னரே பேசிக்கொண்டால், தட்டியின் இருபுறத்தாரும் வாய் திறவாமலே பேசலாம். கணினியின் மொழி முழுவதும் ஒன்றும் பூச்சியமுந்தானே!

இதனால் வெளியார் நினைத்தவுடன் நமது கோப்பைத் திறந்துவிடலாம் என்று பொருளன்று. இருபுறமும் தீய மென்பொருள் இருந்தாற்றான் இவ்வகைக் கள்ளப்பேச்சு நடக்கும். மெல்லிய ஓட்டமே. ஆனால் ஒரு கடவுச்சொல் கசிவதற்கு மெல்லிய ஓட்டமே போதும். ஒரே மூளையும் ஒரே நினைவகமும் உள்ள பெட்டிக்குள் இரண்டு வீடுகளை வைத்தால் இது நேரும். இதற்கு முழு மருந்து, பெட்டியையே இரண்டாக்குவது.

மூன்றாவது, பொதுச் சாவியின் பிழை. வானலை வலையில் சேரும் ஒவ்வொருவருக்கும் தனிச் சாவி உண்டு. அதனோடு எல்லோருக்கும் பொதுவான அறிவித்தல்களைக் கேட்க ஒரு பொதுச் சாவியும் கொடுக்கப்படுகிறது. பெட்டி மட்டுமே அதனால் பூட்ட வேண்டும். மற்றவர் திறக்க மட்டும் வேண்டும். ஆனால் திறக்கும் சாவியே பூட்டும் சாவியுமாகும். ஆகவே விருந்தினருள் ஒருவர் பெட்டியின் குரலில் அறிவிப்பதுபோற் பொய் அறிவித்தல் செய்யலாம். விருந்தினர் ஒருவரையொருவர் அணுகலாகாது என்று பெட்டியில் விதித்திருந்தாலும், இச்செய்தி பெட்டியினூடாகச் செல்லாததால் அவ்விதி அதைத் தடுக்காது. 2010 ஆம் ஆண்டில் இது "ஓட்டை 196" என்ற பெயரால் அறியப்பட்டது. நியம நூலின் 196 ஆம் பக்கத்திலேயே இக்குறை எழுதப்பட்டிருந்தமையால் அப்பெயர் வந்தது. அச்சிட்ட பக்கத்தில் எல்லோர் கண்முன்னும் கிடந்தது. படித்து எண்ணிப் பார்த்தவர் சிலரே.

நான்காவது, சுற்றுவழி. பக்கத்து இலைக்காரருக்கு நேரே எதையும் கொடுக்கலாகாது என்று விதி. ஆனால் தபாற்கந்தோருக்கு அனுப்பினால் அங்கிருந்து திரும்பி அவருக்கே வந்து சேர்கிறது. சில பெட்டிகள் கீழ்த்தளத்தில் நேர்வழியை அடைத்துவிட்டு, மேற்தளத்தில் வாயில் வழியாகச் சுற்றிவருவதை அடைக்க மறக்கின்றன. 2026 இல் வெளியான எயர்சினிச் என்னும் ஆய்விலே இவ்வழியும் பொதுச் சாவி வழியும் மீண்டும் பரிசோதிக்கப்பட்டன. தனிமைப்படுத்தல் என்பது 802.11 என்னும் வானலை நியமத்தில் வரையறுத்த ஒன்றன்று. ஒவ்வொரு உற்பத்தியாளரும் தத்தமக்குத் தோன்றியபடி கட்டிய சுவர். கொத்தனுக்குக் கொத்தன் அளவுநூல் வேறானால் சுவர் கோணாமல் நிற்குமா?

பூட்டுகள் பழையனவாகும்

வானலை நியமம் வெளியானது 1997 இல். அதனுடன் வந்த முதற் பூட்டு முறை 2001 இலேயே உடைக்கப்பட்டது. 2003 இல் டபிள்யூ.பி.ஏ. வந்தது; 2004 இல் அதன் இரண்டாம் பதிப்பு. 2017 இல் பெல்ஜிய நாட்டு லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மத்தி வன்கூப் என்பவர் இரண்டாம் பதிப்பிலும் ஒரு குறையைக் கண்டு வெளியிட்டார். 2018 இல் மூன்றாம் பதிப்பு வந்தது. நமது வீடுகளிலோ பெட்டி கெட்டுப் புகையும்வரை மாற்றுவதில்லை.

பூட்டை இலகுவாக்கப் போய்ப் பலவீனமாக்கியதற்கும் ஒரு கதை உண்டு. மாணவர் இதைக் கணக்காகவே செய்து பார்க்கலாம். பொத்தானை அழுத்தியோ எட்டு இலக்க எண்ணைக் கொடுத்தோ சேரும் டபிள்யூ.பி.எஸ். என்றொரு வசதி உண்டு. எட்டு இலக்கம் என்றால் பத்துக்கோடி வகைகள். ஆனால் கடைசி இலக்கம் முன்னவற்றிலிருந்து கணிக்கப்படுவது. அன்றியும், முதல் நான்கு இலக்கங்கள் சரியா பிழையா என்பதைப் பெட்டி தனியே சொல்லிவிடுகிறது. ஆகவே முதற் பாதிக்கு 10,000, அடுத்த மூன்று இலக்கங்களுக்கு 1,000, ஆக மொத்தம் 11,000 முயற்சிகளே போதும். பத்துக்கோடி பதினோராயிரமாகச் சுருங்கியது! இது 2011 டிசம்பரில் வெளியானது.

நமது பெட்டியால் பிறருக்கு வரும் கேடும் உண்டு. 2016 இல் மிராய் என்னும் தீய மென்பொருள், தொழிற்சாலைக் கடவுச்சொற்கள் அறுபதுக்கு மேற்பட்டவற்றை வைத்துக்கொண்டு உலகெங்கும் கமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அவ்வாறு பிடித்தவற்றை ஏவி, அவ்வாண்டு அக்டோபர் 21 இல் அமெரிக்காவில் ஒரு பெரும் இணையச் சேவை நிறுவனத்தைத் தாக்கினார்கள். பல பெயர்பெற்ற தளங்கள் மணிக்கணக்காக முடங்கின. 2018 இல் வி.பி.என். பில்டர் என்ற மற்றொன்று 54 நாடுகளில் ஐந்து இலட்சம் ரவுட்டர்களைப் பற்றியதாக அறிவிக்கப்பட்டது. வீட்டு மூலையில் தூசு படிந்து கிடக்கும் பெட்டி, உரியவர் அறியாமலே பிறருடைய படைக்கலமாகிவிடுகிறது.

செய்ய வேண்டுவன

குறையை மட்டும் சொல்லி விடுவது நியாயமன்று. இன்று வீட்டுக்குச் சென்றதும் நீங்களே செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

விருந்தினர் வலையை மூடிவிட வேண்டாம். வெடிப்புள்ள சுவராயினும் சுவரில்லாமையிலும் அது மேலானது. ஆனால் சோதித்துப் பாருங்கள். உங்கள் தொலைபேசியை விருந்தினர் வலையில் இணைத்து, அதற்குக் கிடைத்த முகவரியை வீட்டுக் கணினியின் முகவரியோடு ஒப்பிடுங்கள். ஒரே தொடராயின் சந்தேகம் கொள்ளுங்கள். அச்சடிக்க முயலுங்கள், ரவுட்டரின் நிருவாகப் பக்கத்தைத் திறக்க முயலுங்கள். இரண்டும் நடக்கலாகாது. இரண்டாவது பெட்டியோ சைகையை நீட்டும் கருவியோ இருந்தால், அதனருகில் நின்றும் இதே சோதனையைச் செய்யுங்கள். நான் செய்யத் தவறியது அதுவே.

நிருவாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். தொழிற்சாலைக் கடவுச்சொல்லின் கேட்டை உணர்ந்து, எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல் இடுவதை ஐக்கிய இராச்சியம் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டத்தால் தடுத்துள்ளது. அச்சட்டம் நமது வீட்டுப் பழைய பெட்டியைத் திருத்தாது. நாம்தான் திருத்த வேண்டும். டபிள்யூ.பி.எஸ். வசதியை நிறுத்துங்கள். பெட்டியின் மென்பொருளைப் புதுப்பியுங்கள். உற்பத்தியாளர் கைவிட்ட பழைய பெட்டியை மாற்றுங்கள். கலியாணத்துக்கு ஒட்டிய கடவுச்சொல்லை நாலாஞ் சடங்கு முடிந்ததும் மாற்றுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. சுவரை மட்டும் நம்பிப் பெட்டகத்தைத் திறந்து வைக்கலாகாது. எங்கள் அலுவலகக் கோப்புறைக்குத் தனிக் கடவுச்சொல் இருந்திருந்தால், சுவர் இல்லாத அந்த எட்டு மாதத்திலும் அப்பட்டியல் காக்கப்பட்டிருக்கும். காவல் ஒன்றல்ல, ஒன்றுக்குப்பின் ஒன்றாகப் பல இருக்க வேண்டும்.

பிழை கண்டபின் நிருவாக சபையார் மூவர், அப்பட்டியலிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் சென்று நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். சிலர் மனம் நொந்தனர். ஒருவர் இனி உதவி வேண்டாமென்று சொல்லிவிட்டார்; அதை நினைக்குந்தோறும் எனக்கு வருத்தமே. இன்னொரு தாயார் சற்று யோசித்துவிட்டு, "அது சரி தம்பி, எங்களுடைய பெயரை எழுதாமல் ஒரு நம்பரைப் போட்டு வைக்க ஏலாதோ?" என்று கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இருபது ஆண்டுகள் கணினியோடு பழகிய எனக்குத் தோன்றாதது, கணினியைத் தொட்டறியாத அவருக்குத் தோன்றியது. இன்று கணினியில் இலக்கங்கள் மட்டுமே உண்டு. பெயரும் இலக்கமும் எழுதிய கொப்பி காரியதரிசியாரின் இரும்புப் பெட்டியில் இருக்கின்றது. சேமித்து வைக்காத பொருளை எவரும் திருட முடியாது.

வாலிபருக்கு ஒரு வார்த்தை

வாலிப நண்பர்களே! உங்களில் பலர் என்னிலும் வல்லவர்கள். பூட்டைக் கண்டால் ஆட்டிப் பார்க்கும் ஆவல் உங்களுக்கு இயல்பு. அது அறிவின் தொடக்கம். ஆனால் எல்லை அறிந்து நடவுங்கள். உங்கள் வீட்டுப் பெட்டியை நன்றாகச் சோதியுங்கள். பிறர் பெட்டியைச் சோதிப்பதாயின் முன்னரே அனுமதி கேளுங்கள். நமது நாட்டில் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் உண்டு. உரிமையின்றிப் பிறர் கணினியில் நுழைவது அதன்படி குற்றம். மிராய் மென்பொருளைச் செய்தவர்கள் கொடிய கூட்டத்தார் அல்லர். உங்களைப் போன்ற இளைஞர் மூவர். விளையாட்டாகத் தொடங்கியது 2017 டிசம்பரில் நீதிமன்றத்திலே குற்றத்தை ஒப்புக்கொள்வதில் முடிந்தது.

தற்செயலாக ஒரு குறையைக் கண்டீர்களாயின், அம்மாணவன் செய்ததைச் செய்யுங்கள். மேலே தோண்ட வேண்டாம். நண்பருக்குக் காட்ட வேண்டாம். உரியவரிடம் நேரே சொல்லுங்கள். பெரியோர்களே! அவ்வாறு சொல்ல வரும் பிள்ளையை என்னைப்போலக் கடியாதீர்கள். குறை சொன்னவனைத் துரத்தினால், அடுத்த குறையைக் காண்பவன் நம்மிடம் வரமாட்டான்.

முடிவுரை

சேக்கிழார் பெருமான் பாடிய மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றை இச்சபையில் அறியாதார் இல்லை. போரில் வெல்ல முடியாத முத்தநாதன் திருநீறு பூசி, சடை முடித்து, புத்தகக் கட்டுக்குள் படையை ஒளித்துக்கொண்டு அடியார் வேடத்தில் வந்தான். வாயில் காப்போர் வழிவிட்டனர். கடைவாயிலில் நின்ற தத்தன் மட்டும் தடுத்துப் பார்த்தான். வேடத்தையே மெய்ப்பொருளாகக் கண்ட நாயனார் தம் உயிரைக் கொடுத்தார். தம்மைக் குத்தியவனையும் தீங்கின்றி அனுப்பிவைக்கத் தத்தனுக்கே கட்டளையிட்டார். அது அவருடைய பேரன்பு. அவர் கொடுத்தது தம் உயிரை. பிறர் உயிரை அல்ல.

நாமோ நாயனாரும் அல்லோம், மன்னரும் அல்லோம். பிறர் நம்பி ஒப்படைத்ததைக் காக்கும் நாம் தத்தனுடைய இடத்தில் நிற்பவர்கள். நமது பொருளை நாம் இழக்கலாம். ஒரு வறிய தாயின் மானத்தை நமது தாராள மனத்துக்கு விலையாகக் கொடுக்க நமக்கு உரிமையில்லை.

ஆகையால் நிருவாக சபை இன்று பொதுக்கூட்டத்தின்முன் ஒரு தீர்மானத்தை வைக்கின்றது. வாசிகசாலைக்கு அலுவலகத்தோடு தொடர்பேயில்லாத தனி இணைப்பும் தனிப் பெட்டியும் வேண்டும். அதனால் மாதச் செலவு கூடும். சந்தாவிற் சிறிது உயர்த்த நேரும். வாசிகசாலை வலையை அடியோடு நிறுத்திவிடலாம் என்று கூறுவாரும் உளர். அவர்களை வணங்கிக் கேட்கிறேன்: வீட்டில் இணைப்பில்லாத பிள்ளைகள் அங்கேதான் படிக்கிறார்கள். விறாந்தையை இடிக்க வேண்டாம். சுவரைச் சரியாகக் கட்டுவோம். அச்சுவரைச் சோதிக்கும் பொறுப்பை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாலிப அங்கத்தவர் இருவரிடம், எழுத்து மூலமான அனுமதியோடு, ஒப்படைப்போம். அவர்களுள் ஒருவனாக யாரை அழைப்பது என்பதை நான் மனத்தில் வைத்திருக்கிறேன், அவன் சம்மதித்தால்.

வந்தாரை வரவேற்கும் மனத்தையும், ஒப்படைத்ததைக் காக்கும் விழிப்பையும் எல்லாம் வல்ல இறைவன் நமக்குத் தந்தருள்வாராக.